பாக்கு மட்டைத் தட்டு யூனிட்டுக்குக் கடன் வாங்கிய அனுபவம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் பேரில் பாக்கு மட்டைத் தட்டு யூனிட் நடத்துகிறேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019-லும் கேரளா 2020-லும் தடை செய்தபிறகு, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆர்டர் கிடைக்கிறது. தானாக விழுகிற மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசை, ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை.

புதுத் தொழில் தொடங்க பாங்க் கடனோடு மானியமும் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தைப் பற்றிச் சொன்னது குடும்பஸ்ரீ அயல்கூட்டத்து (கேரளத்து மகளிர் சுயஉதவிக் குழு) அக்கா ஒருவர். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், நாம் போட வேண்டிய கைப்பணம் 5 சதவீதம். பொதுப் பிரிவு ஆணுக்கு 25 சதவீதம், கைப்பணம் 10. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதனால் பெண் பேரில் வாங்கி ஆண் நடத்துவதும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. கையெழுத்துப் போடுகிறவளே கணக்கையும் பார்க்கணும்.

பாங்கில் முதலில் நிலப் பத்திரம் கேட்டார்கள். வீடோ மாமனார் பேரில். 10 லட்சம் வரை சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொல்லி எழுத்தில் பதில் கேட்டபிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது.

அடுத்தது திட்ட அறிக்கை. இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். மட்டை நன்றாகக் கிடைப்பது வெயில் காலத்தில். இடவப்பாதி மழை (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் நனைந்து பூஞ்சை வந்துவிடும். மழைக்காலம் முழுக்க ஓட்டத் தேவையானதை மே மாதத்துக்குள் வாங்கி, காயவைத்து அடுக்கணும். மண்ணார்க்காட்டுப் பாக்குத் தோட்டக்காரர்கள் ரொக்கம்தான் கேட்பார்கள். அறிக்கை எழுதித் தந்தவரோ மெஷின் விலையை விரிவாகப் போட்டு, நடைமுறை மூலதனத்தை, அதாவது மட்டை வாங்குவது மாதிரி அன்றாடச் செலவுக்கான பணத்தை, பேருக்குக் காட்டியிருந்தார். நான் உட்கார்ந்து திருத்தச் சொன்னேன். கடன் ஜூனில் கைக்கு வந்தால் மெஷினை வைத்துக்கொண்டு மட்டைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் மழை விட்டதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம், சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் போதும், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மானியம் கைக்கு வராது. பாங்கிலேயே மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள், அதே அளவு கடனுக்கு வட்டி போடவும் கூடாது. யூனிட் ஓடுவதை நேரில் பார்த்தபிறகு கடனில் கழிப்பார்கள். டெபாசிட் ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி, வட்டிக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்.