தோற்காத அணியின் மிச்ச வாழ்க்கையைத் தேடி: சின்சினாட்டியில் ஒரு நாள்

கொலம்பஸில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம், "சின்சினாட்டிக்கு ஒரு நாள் கூட்டிப் போப்பா" என்று கேட்டபோது அவன் ஆற்றங்கரை, அருங்காட்சியகம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தான். நான் கேட்டது ஒரு நீரூற்றும் ஒரு கல்லறையும். "மாமா, கல்லறையா?" என்றான். காரில் போன இரண்டு மணி நேரத்தில் காரணத்தைச் சொல்லி முடித்தேன்.

1869இல் இந்த ஊரின் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணிதான், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து நடந்த முதல் பேஸ்பால் அணி. மொத்தம் பத்துப் பேர். அந்த ஆண்டு 57 ஆட்டங்கள் ஆடினார்கள், 57லும் வெற்றி. நாட்டின் இரு கரைகளையும் ரயில் பாதை இணைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது; அதற்குள் அந்த ரயிலிலேயே சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடிவிட்டு வந்தார்கள். கையில் கையுறை கிடையாது, வெறுங்கைதான். அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று புரூக்ளினில், வழக்கமான 9 இன்னிங்ஸில் முடிவு வராமல் 11 இன்னிங்ஸ் வரை ஆடி 8க்கு 7 என்று முதல் தோல்வி. 1870 முடியும்போது அணியே கலைந்துவிட்டது.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் வேண்டும். இருபது, இருபத்தைந்து வயதில் யாராலும் வெல்ல முடியாதவனாக இருந்தவன், மீதிக் காலம் முழுக்க என்ன செய்தான்?

முதலில் யூனியன் டெர்மினல். 1933இல் திறந்த ரயில் நிலையம், பாதி வட்டமாக எழுந்து நிற்கும் பிரம்மாண்டம். அதன் முன்னால் நீரூற்று இருக்கும் பகுதியில்தான் அவர்களுடைய யூனியன் கிரவுண்ட்ஸ் மைதானம் இருந்தது. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் பந்தைத் தடுக்க நின்ற ஜார்ஜ் ரைட்டுக்கு ஆண்டுக்கு 1,400 டாலர். அணியை உருவாக்கி நடத்திய அவருடைய அண்ணன் ஹாரிக்கு 1,200தான்! தம்பியின் ஆட்டத்துக்கு அண்ணனே போட்ட விலை. அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அங்கிருந்து ஸ்பிரிங் குரோவ் கல்லறைத் தோட்டம். குளங்களும் பெரிய மரங்களுமாக ஒரு காட்டுக்குள் போவது போல இருந்தது. அலுவலகத்தில் வரைபடம் வாங்கிக்கொண்டு சார்லி கூல்டைத் தேடினோம். அந்தப் பத்துப் பேரில் சின்சினாட்டிக்காரர் இவர் ஒருவர்தான். முதல் பேஸில் நின்றவர். 1876இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறை பேஸ்பால் போட்டித் தொடர் தொடங்கியபோது சொந்த ஊர் அணிக்கு இவர் மேலாளரானார். அந்த அணி வென்றது 9, தோற்றது 56. பழைய தோழர் சார்லி ஸ்வீசியும் அதில் ஆடினார். தோல்வியே தெரியாத அதே ஊரில், ஏழே ஆண்டில் 56 தோல்வி. கூல்ட் 1917இல் இறந்தார். அவர் முன்னால் நின்றபோது, அந்த 57ஐ விட இந்த 56ஐத் தாங்கியதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. அக்கா மகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை.

மற்றவர்களில் கால் மெக்வே முப்பது வயதிலேயே பெரிய லீக்கை (நாட்டின் உச்ச நிலை பேஸ்பாலை) விட்டுக் கலிஃபோர்னியா போய்விட்டார். அதுவரை அவருடைய பேட்டிங் சராசரி .346, அதாவது அடிக்க நின்ற மூன்று முறையில் ஒரு முறைக்கு மேல் வெற்றிகரமான அடி. அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் டக் அலிசன் 1870இல் கையைக் காத்துக்கொள்ளக் கையுறை மாட்டினார் என்ற சேதிக்காக நினைக்கப்படுகிறார். பந்து வீசும் பிட்சர் ஏசா பிரெய்னார்ட் 1888லேயே டென்வரில் இறந்துவிட்டார்.

ஆனால் ரைட் சகோதரர்கள் வேறு ரகம். ஹாரி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், அப்பா கிரிக்கெட் ஆட்டக்காரர். சின்சினாட்டி அவரை 1865இல் வேலைக்கு எடுத்ததே கிரிக்கெட்டுக்குத்தான். அணி கலைந்ததும் பாஸ்டன் போய், 1871 முதல் 1893 வரை 23 பருவங்கள் ஏதாவது ஓர் அணிக்கு மேலாளராக இருந்தார். நடுவில் 1890இல் கண் பார்வை போய், திரும்பி வந்தது. அவரும் வேலைக்குத் திரும்பி வந்தார். 1874இல் தன் ஆட்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் லார்ட்ஸ் மைதானத்திலேயே கிரிக்கெட் ஆட வைத்தார். பதினெட்டுப் பேராக இறங்கினார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் அந்தப் பயணத்தில் கிரிக்கெட்டில் தோற்கவில்லை.

பாஸ்டனிலும் அண்ணனோடு ஆடிய ஜார்ஜ், 1879இல் அவரை விட்டுப் பிராவிடன்ஸ் அணிக்குப் போனார். ஆட்டக்காரர், மேலாளர் இரண்டும் அவரே. அந்த ஆண்டு பிராவிடன்ஸ் முதலிடம், அண்ணனின் பாஸ்டன் இரண்டாமிடம். ஜார்ஜ் முழுப் பருவம் மேலாளராக இருந்தது அந்த ஒரு முறைதான். பிறகு விளையாட்டுச் சாமான் வியாபாரம், பாஸ்டனில் கோல்ஃப். மகன் பீல்ஸ் ரைட் 1905இல் அமெரிக்க டென்னிஸ் சாம்பியன். எனக்கு மெய்சிலிர்த்தது இன்னொன்றில்: 1888–89இல் அமெரிக்க பேஸ்பால்காரர்கள் உலகம் சுற்றியபோது ஜார்ஜும் கிரிக்கெட் பயிற்சியாளராக உடன் போனார். 1889 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். நம் பக்கத்துக் கடல் வரை வந்து போயிருக்கிறார் மனிதர்.

சாயங்காலம் ரோப்ளிங் தொங்கு பாலத்தில் நடந்தோம். 1867இல் திறந்த பாலம். அந்தப் பத்துப் பேரும் பார்த்த பாலம். ஆற்றோரத்தில் இன்றைய மைதானத்தின் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பெரிய லீக்கின் முதல் இரவு ஆட்டமும் இதே ஊரில்தான் நடந்தது. யூனியன் டெர்மினலுக்கு அருகே இருந்த கிராஸ்லி மைதானத்தில், 1935 மே 24 அன்று. அதிபர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனிலிருந்து பொத்தானை அழுத்த விளக்குகள் எரிந்தன.

"ஜார்ஜ் அப்போ இருந்தாரா மாமா?" என்றான்.

இருந்தார். பாஸ்டனில், 88 வயதில்.