ரயிலில் தனிப் பெட்டி பிடித்த பெண்கள்

செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் முதன்முறையாக ஒலித்தபோது ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தியவர் ஆன்டன் சைடுல். ஜெர்மானிய இசைநாடக மேதை வாக்னரின் உதவியாளராக இருந்த அவரைப் பற்றிப் படிக்கப் போய்த்தான், நியூயார்க்கை அடுத்த புரூக்ளின் பெண்களின் கதை எனக்குத் தெரியவந்தது.

லாரா ஹாலோவே லாங்ஃபோர்டு என்ற எழுத்தாளரின் தலைமையில் 1889-இல் அவர்கள் தொடங்கிய அமைப்பு சைடுல் சங்கம். (அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையோடும் லாராவுக்குத் தொடர்பு இருந்தது.) கோனி தீவின் பிரைட்டன் கடற்கரையில் சைடுல் நடத்திய கோடைக்காலக் கச்சேரிகளை இச்சங்கம் தாங்கி நின்றது. ஆண் துணையின்றி ஒரு பெண் மாலை வேளையில் வெளியே சென்றாலே ஊர் பேசிய காலம் அது. ஆகவே, உறுப்பினர்கள் சேர்ந்து பயணம் செய்வதற்கென ரயிலில் தனிப் பெட்டிகளைச் சங்கமே ஏற்பாடு செய்தது. வேலைக்குப் போகும் பெண்களையும் ஆதரவற்ற குழந்தைகளையும் அழைத்துச் சென்று, கடற்காற்றில் வாக்னரைக் கேட்க வைத்தது. புரவலர் என்றதும் பணம் கொடுத்தவரையே நாம் நினைக்கிறோம். கேட்க விரும்பிய ஒருத்தி அரங்கத்துக்குப் போய் அச்சமின்றி வீடு திரும்ப வழி செய்ததை அதைவிடப் பெரிய கொடையாக நான் கருதுகிறேன்.

1890 மார்ச் 31 அன்று, வாக்னரின் ‘பார்சிஃபால்’ இசைநாடகத்தின் பகுதிகளைப் புரூக்ளின் இசைக்கழக அரங்கில் சைடுல் வழங்கியதும் இச்சங்கத்தின் முயற்சியால்தான். அந்தப் படைப்பை மேடை நாடகமாகக் காண ஜெர்மனியின் பைராய்ட் நகருக்கே போகவேண்டியிருந்த நாட்கள் அவை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில நகரான சின்சினாட்டியில் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். அங்கிருந்த பெண்கள் இசைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1894-இல் ஆர்கெஸ்ட்ரா சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள், முதல் தலைவர் ஹெலன் டாஃப்ட். 1895 ஜனவரியில் பைக் ஆபரா அரங்கில் கச்சேரிகள் தொடங்கின. முதல் பருவத்தை நடத்திய மூவரில் சைடுலும் ஒருவர் என்று படித்தபோது, இரு ஊர்ப் பெண்களையும் ஒரே மனிதர் இணைத்தது கண்டு மகிழ்ந்தேன். பின்னாளில் கணவர் அமெரிக்க அதிபரானபோது ஹெலன் நாட்டின் முதல் பெண்மணியானார். வாஷிங்டனில் அவர் நடச்செய்த செர்ரி மரங்களைப் பற்றி எழுதுவோரில் பலர் இந்த ஆர்கெஸ்ட்ராவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

சைடுல் 1898-இல், தம் 47-ஆம் வயதில் திடீரென மறைந்தார். புரூக்ளின் சங்கம் அவர் ஒருவரையே நம்பி எழுந்தது. சின்சினாட்டிப் பெண்களோ நடத்துநர்கள் மாறினாலும் நிலைக்கும் ஒரு நிறுவனத்தை உருவாக்கியிருந்தார்கள். சின்சினாட்டி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.