வான் சாரதிக்கும் ஓய்வுநாள் உண்டு

மட்டக்களப்பில் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மனநலச் செயலமர்வு புதிதல்ல. எங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். பாய் விரித்து, ஊதுபத்தி கொளுத்தி, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, மூச்சை எண்ணச் சொன்னார்கள். திரையில் ஒரு தாமரை, அதற்குக் கீழே பைபிளின் சங்கீதம் 46இல் இருந்து "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்".

மூச்சுப் பயிற்சியில் எனக்குக் குறை இல்லை, உடம்பு இளகியது உண்மை. அந்த வசனத்தை அங்கே கண்டதுதான் பொறுக்கவில்லை. அதற்கு முந்திய வசனத்தில் கடவுள் வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார். சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்கிற குரல் அது. யுத்தத்தில் இத்தனை பேரைப் பறிகொடுத்த எங்கள் மாவட்டத்தில் அதைத் தோள்வலிக்கு மருந்தாக்கலாமா?

வெளியே வந்தால் வான் சாரதி அண்ணன் சீற்றைச் சரித்துப்போட்டுக் கிடந்தார். "உள்ளுக்கு நல்லா ஆறினீங்களா மிஸ்? நான் விடிய நாலரைக்கு எழும்பினது. இனி உங்களையெல்லாம் இறக்கிப்போட்டுத்தான் வீட்ட போகணும்" என்றார். தேநீர் கொண்டுவந்த பொடியனுக்கும் அன்று லீவு இல்லை.

யாத்திராகமம் 20இல் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்பதில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலில் இருக்கிற அந்நியன் வரைக்கும் போகிறது. உபாகமம் 5 காரணத்தையும் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை மறவாதே. தன் களைப்பை மட்டும் பார்த்துக்கொள்கிற ஆன்மீகத்தில், எத்தனை சமயத்தைக் கலந்தாலும், அந்தச் சாரதிக்கு இடம் இல்லை.

சமயங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எழும்பிப் போகிற எங்கள் கந்தோர் சகோதரர், பாதி எழுதின கடிதத்தையும் வைத்துவிட்டுத்தான் போவார். ஓய்வுநாள் என்னவென்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்குப் பதில் பௌத்தர்களின் புனித நாளான போயாதான் வார விடுமுறை. கிறிஸ்தவர்களுக்கு அது கஷ்டமான காலம். அப்போதும் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே நாளில்தான் வேலையை நிறுத்தியது.

"ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று இயேசுவே சொன்னாரே, ஏன் இத்தனை கண்டிப்பு என்று கூட வேலை செய்யும் ஒரு கிறிஸ்தவத் தங்கச்சி கேட்டாள். சரிதான். ஆஸ்பத்திரியில் தாதி ஞாயிறும் வேலை செய்யத்தான் வேண்டும், இயேசு ஓய்வுநாளில் குணமாக்கினார். மாதாந்த அறிக்கைக்கு அப்படி உயிர்ப் பிரச்சினை எதுவும் இல்லை.

அப்புறம் ஊழியர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன்: ஞாயிறு வாட்ஸ்அப்பில் வேலைச் செய்தி வரக்கூடாது, வான் ஓடக்கூடாது. முதலாவதுக்கு உடனே தலையாட்டினார்கள். வானுக்கு மட்டும், வெளியூர் விருந்தாளிகள் வரும் நாளில் விலக்கு வேண்டுமாம். அந்த விலக்குக்குத்தான் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.