பால் பவுடர் டப்பாவும் ராஜகோபுரமும்

ஏப்ரல் 6, 2024, சனி

லென்ஸ் இல்லாமல், ஊசித்துளை ஒன்றின் வழியாகவே படம் பிடிக்கும் கேமரா செய்கிறேன். அதற்கான பால் பவுடர் டப்பா ஒரு வழியாகக் காலியானது. பத்து செ.மீ. அகலம், உள்ளே கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கோட். நேரமெல்லாம் துளைக்குத்தான் போனது. குளிர்பானக் கேனை வெட்டி, தகட்டில் 10ஆம் நம்பர் ஊசியின் முனையை லேசாக அழுத்தி, பின்பக்கம் எழும்பிய புடைப்பை நைஸ் எமரித் தாளில் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்து... ஆறு தகடு வீணானது. துளை பெரிதானால் படம் மங்கும். ரொம்பச் சிறிதானாலும் மங்கும், ஏனென்றால் விளிம்பில் ஒளி வளைந்து பரவிவிடும். எந்த அளவு சரி என்று 1891லேயே ஆங்கில இயற்பியலாளர் ரேலே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். துளைக்கும் தாளுக்கும் பத்து செ.மீ. இடைவெளி என்றால் சுமார் 0.45 மி.மீ. ஏழாவது தகட்டை ஸ்கேனரில் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று வைத்துப் பார்த்தேன். குறுக்கே 21 புள்ளி. சரியாக வந்துவிட்டது!

ஏப்ரல் 7, ஞாயிறு

குளியலறை டார்க் ரூம் ஆனது. சிவப்பு பல்பு, பிறகு படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், தண்ணீர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ என மூன்று தட்டு. 5x7 அங்குல போட்டோ பேப்பரை டப்பாவுக்குள் வளைத்துச் செருகி, மொட்டை மாடியில் ஒரு நிமிடம் வைத்தேன். டெவலப்பரில் போட்டதும் தாள் முழுக்கக் கறுத்துப்போனது. இரண்டாவதும் அப்படியே.

பெரியப்பா முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவர். போன் செய்தேன். "வெளிச்சம் ஒரு வழியாத்தான்டா வரணும். டப்பாக்குள்ள டார்ச் வெச்சு மூடிப் பாரு" என்றார். இருட்டில் பார்த்தால் பிளாஸ்டிக் மூடி விளக்குக் கூண்டு மாதிரி ஒளிர்கிறது. அலுமினியத் தாளும் கறுப்புச் சார்ட்டும் வெட்டி மூடிக்குள் ஒட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை 1

வந்துவிட்டது. கொல்லைப்புறத் துளசி மாடம், கிணற்றுச் சுவர், பின்னால் தென்னை. நல்ல வெயிலில் 40 விநாடி. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் முதலில் வானம் கறுத்தது, பிறகு மாடத்தின் விளிம்பு மெல்ல எழுந்து வந்தது. கையில் இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். லென்ஸ் இல்லை, பேட்டரி இல்லை, எங்கள் வீட்டுக் கிணறு தானாக வந்து தாளில் உட்கார்ந்துகொண்டது.

இது நெகடிவ், வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் விழுந்த படம். புதுத் தாளின் மேல் கவிழ்த்து, கண்ணாடியால் அழுத்தி, பல்பை இரண்டு விநாடி போட்டுப் பாசிடிவ் எடுத்தேன். சுவரில் பாட்டி அடித்த காவிப் பட்டை தார் போலக் கறுப்பாக வந்திருக்கிறது. இந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு பல்பின் கீழ் வேலை பார்க்கவும் முடிகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்தேன். விரலில் வைத்த மை வெயிலில் நடந்து வரும்போதே கருத்துக்கொண்டிருந்தது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டுக் கறுக்கும் வெள்ளி உப்புதான் என் தாளிலும். இத்தனை தேர்தலாக இதை யோசித்ததே இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் படநாள். 2001லிருந்து நடக்கிறது. இன்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரம்தான் என்று முதலிலேயே முடிவு. 236 அடி, டப்பாவை நேராக வைத்தால் முழுதும் அடங்க 120 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். காலை ஏழரைக்குத் தெற்கே போய், மூடியிருந்த ஒரு கடைப் படியில் டப்பாவை வைத்து, பஸ் காற்றில் ஆடாமலிருக்க மேலே ஒரு கல்.

அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. தெற்குப் பார்த்த கோபுரம், ஆனால் இந்த மாதம் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. நாளெல்லாம் கோபுரத்தின் முகம் நிழலில்தான். தை மாதமென்றால் முழு வெயில் விழுந்திருக்கும். திரும்பிப் போக மனசில்லை. ஆறு நிமிடம் வைத்தேன். கறுப்பு டேப்பைத் துளையிலிருந்து எடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஆறு நிமிடத்தில் பஸ், ஆட்டோ, பால்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர் கடந்தார்கள். நகர்ந்துகொண்டே இருந்ததால் தாளில் ஒருவரும் இல்லை. வானம் சுத்தமாக வெளுத்துவிட்டது, கோபுரத்துச் சுதை உருவங்களும் அவ்வளவு தெளிவில்லை. ஆனால் பதின்மூன்று நிலையும் இருக்கின்றன, தெரு காலியாக இருக்கிறது.

ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உண்டு. படிக்குப் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா. தலை, தோள், முன்னால் வைத்த கூடை எல்லாம் அச்சாக விழுந்திருக்கின்றன. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை.

சாயங்காலம் பிரின்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கையைக் காணோமே தம்பி" என்றார். அவர் மட்டும்தான் அங்கே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார், அதனால் கை வரவில்லை என்று சொன்னேன். பிரின்ட்டைக் கூடைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு முழம் நறுக்கிக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.