கோர் லாஸ் சிமுலேஷன் வைவா: 50 ஹெர்ட்ஸ் கர்வை மட்டும் நம்பிப் போகாதீர்கள்

நேற்று ரிசல்ட் வந்தது, மூச்சு திரும்பியது. சேலத்தில் அடுத்து எம்.இ. ப்ராஜெக்ட் வைவாவுக்கு உட்காரப் போகிறவர்களுக்காகச் சூடு ஆறும் முன்பே எழுதுகிறேன். மோட்டார் டிசைன், மெஷ், வைண்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். கோர் லாஸ் என்பது மோட்டாரின் இரும்புத் தகடுகளில் வெப்பமாக வீணாகும் சக்தி. அதில் மதிப்பெண் நிற்பது ஒரே கேள்வியில்: "இந்த இரண்டு கெழுக்களும் எங்கிருந்து வந்தன?"

50 ஹெர்ட்ஸ் லாஸ் கர்வ் ஒன்றை ஏற்றினாலே சாஃப்ட்வேர் ஹிஸ்டரிசிஸுக்கு (காந்தம் திசை மாறி மாறித் திரும்புவதால் வரும் இழப்பு) ஒரு கெழு, எடிக்கு (தகட்டுக்குள் சுழலும் மின்னோட்டத்தால் வரும் இழப்பு) ஒரு கெழு என்று தந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய டெஸ்லாவின், அதாவது காந்தப்பாய அடர்த்தியின், வர்க்கத்தோடு ஏறுபவை. ஒரே அதிர்வெண்ணில் அவற்றைப் பிரிக்கவே முடியாது. எந்தக் கலவையைப் போட்டாலும் கர்வ் பொருந்தும். எம்400-50ஏ என்ற 0.5 மிமீ சிலிக்கான் ஸ்டீல் தகட்டுக்கு 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் உச்ச வரம்பு கிலோவுக்கு 4 வாட். அது முழுக்க ஹிஸ்டரிசிஸ் என்றால் 200 ஹெர்ட்ஸில் 16 வாட். முழுக்க எடி என்றால் 64. நான்கு துருவ மோட்டார் 6000 ஆர்பிஎம்மில் ஓடினால் அதிர்வெண் அதே 200தான். விடை எங்கே போய் விழும் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. 1 டெஸ்லாவில் 50, 100, 200, 400 ஹெர்ட்ஸ் லாஸ் எடுங்கள். ஒவ்வொன்றையும் அதன் அதிர்வெண்ணால் வகுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் ஹிஸ்டரிசிஸ், சாய்வு எடி. தொடக்கத்தில் கோடு வளைந்தால் இந்த இரண்டிலும் அடங்காத கூடுதல் இழப்பான எக்ஸஸ் லாஸையும் சேருங்கள். அது அதிர்வெண்ணின் 1.5 அடுக்கில் ஏறும். இதே வரைபடத்தை 1.5 டெஸ்லாவிலும் போடுங்கள்.

பிறகு கையால் ஒரு சரிபார்ப்பு: பை வர்க்கம், கடத்துதிறன், தடிமன் வர்க்கம், டெஸ்லா வர்க்கம், அதிர்வெண் வர்க்கம் எல்லாவற்றையும் பெருக்கி 6ஆல் வகுத்தால் கன மீட்டருக்கான எடி லாஸ். 0.5 மிமீ தகடு, மின்தடைத்திறன் 42 மைக்ரோ ஓம் செமீ என்றால் 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் அதை அடர்த்தியால் வகுத்தபின் கிலோவுக்குச் சுமார் 0.7 வாட். உங்கள் எடி பங்கு இதற்கும் கீழே வந்தால் எங்கோ தப்பு.

தடிமனை கேட்டலாக்கில் பார்த்து எழுதாதீர்கள். ரீவைண்டிங் கடையில் பழைய ஸ்டாம்பிங் (பஞ்ச் அடித்து எடுத்த மோட்டார் தகடு) பத்து கேளுங்கள். பல்லின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டும். அங்கே அளந்தால் கூடுதலாகக் காட்டும். யோக்கின் (பற்களுக்குப் பின்னால் உள்ள வளையப் பகுதி) நடுவில் மைக்ரோமீட்டர் வையுங்கள். 0.5க்குப் பதில் 0.35 என்றால் எடி பாதியாகிவிடும். சேலத்துக்காரர்கள் என்பதால் தகடு நம் உருக்காலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே ஓடுவது ஸ்டெயின்லெஸ், நமக்கு வேண்டியது சிலிக்கான் ஸ்டீல்.

மற்றவை சுருக்கமாக:

- டெஸ்லா எல்லாம் பீக் மதிப்பு, ஆர்எம்எஸ் அல்ல.
- சிமுலேஷனில் லேமினேஷன் (தகடு அடுக்கு) பகுதியின் கடத்துதிறனைப் பூஜ்யமாக வையுங்கள். இல்லையென்றால் எடி இருமுறை கணக்கில் ஏறும், அதுவும் திடக் கட்டியாக.
- கால்பங்கு மாடல் என்றால் லாஸை 4ஆல் பெருக்குங்கள்.
- முதல் சைக்கிளைத் தள்ளுங்கள். கடைசி முழு சைக்கிளின் சராசரிதான் விடை.
- 36 ஸ்லாட் (வைண்டிங் உட்காரும் பள்ளம்), 4 துருவம் என்றால் ஒரு மின்சைக்கிளில் 18 ஸ்லாட் கடக்கும். ஸ்லாட்டுக்கு 20 புள்ளி, மொத்தம் 360 ஸ்டெப். 40 ஸ்டெப்பில் ஓட்டினால் பல் நுனி லாஸ் காணாமல் போகும்.

சோதனையில் வந்ததைவிட சிமுலேஷன் குறைவாகத்தான் காட்டும். பஞ்ச் அடித்த ஓரம் கெட்டுப்போனது ஒரு காரணம், இன்வெர்ட்டர் அலை இன்னொன்று. கெழுவைத் திருகிப் பொருத்தாதீர்கள். இடைவெளியை அப்படியே அட்டவணையில் காட்டுங்கள். இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் நோ-லோட் டெஸ்டில் (சுமையின்றி ஓட்டும் சோதனை) எடுத்த வாட்டிலிருந்து காப்பர் லாஸை (வைண்டிங் கம்பியின் இழப்பு) கழித்து, மீதியை வோல்டேஜ் வர்க்கத்துக்கு எதிராக வரைந்து பூஜ்யம் வரை நீட்டுங்கள். அச்சில் வெட்டுவது உராய்வாலும் காற்றாலும் வரும் இழப்பு. அதற்கு மேலே இருப்பதைத்தான் கோர் லாஸோடு ஒப்பிட வேண்டும்.