வினாவின் கடினமும் விடையளிப்பவரின் திறனும்: ராஷ் காட்டிய வழி

ஒரு வினாவுக்கு நூறு பேரில் அறுபது பேர் சரியாக விடையளித்தால், அதன் கடினநிலை 0.60 என்று குறிப்பது, தேர்வு வினாக்களை ஒவ்வொன்றாக ஆராயும் பழைய உருப்படிப் பகுப்பாய்வின் வழக்கம். அந்த எண் வினாவைப் பற்றியது போலத் தோன்றினாலும், தேர்வெழுதியவர்களைப் பற்றியதும்கூட. நன்கு தேர்ந்த மாணவர்களிடம் அதே வினாவைக் கொடுத்தால் எண் ஏறிவிடும். வினாவையும் மாணவரையும் பிரித்து அளக்க இயலுமா?

இயலும் என்று காட்டியவர் டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ். பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வுகளையும் டேனிஷ் இராணுவத்தின் நுண்ணறிவுத் தேர்வையும் 1950களில் ஆராய்ந்த அவர், தம் முடிவுகளை 1960இல் கோபன்ஹேகனில் நூலாக வெளியிட்டார். அவருடைய மாதிரியில் திறனும் கடினமும் ஒரே அளவுகோலில் அமைகின்றன. சரியான விடைக்கான நிகழ்தகவை அவ்விரண்டின் வேறுபாடு மட்டுமே தீர்மானிக்கிறது. இரண்டும் சமமானால் நிகழ்தகவு 50 சதவீதம். திறன் ஒரு லாஜிட் (இந்த அளவுகோலின் அலகு) மிகுந்தால் ஏறக்குறைய 73, இரண்டு லாஜிட் மிகுந்தால் 88.

இம்மாதிரியின் உண்மையான அழகு, இரண்டு வினாக்களை ஒப்பிடும்போதுதான் புலப்படுகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தவர்களை எடுத்துக்கொண்டு, அந்த ஒன்று எளிய வினாவாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டால், மாணவரின் திறன் சமன்பாட்டிலிருந்து முற்றிலும் நீங்கிவிடுகிறது. வினாக்களின் கடினம் ஒரு லாஜிட் வேறுபட்டால், மந்தமான மாணவரிடமும் சிறந்த மாணவரிடமும் அந்த நிகழ்தகவு அதே 73 சதவீதம்தான். மொத்த மதிப்பெண்ணே திறனை மதிப்பிடப் போதுமானது என்பதும் இதே பண்பிலிருந்து பிறக்கிறது.

1968இல் ஆலன் பிர்ன்பாம், வினாவின் பாகுபடுத்தும் திறனையும் (திறன் மிக்கவரையும் குறைந்தவரையும் பிரித்துக்காட்டும் ஆற்றல்) ஊகித்து விடையளிக்கும் வாய்ப்பையும் சேர்த்த மாதிரிகளை விரிவாக விளக்கினார். தரவுகளுக்கு அவை நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பதை மறுக்க முடியாது. 2012 வரை ராஷ் வகை மாதிரியைப் பயன்படுத்திய, பல நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வும் 2015இல் பாகுபடுத்தும் திறனைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இத்தகைய மாதிரிகளில் ஒரே எண்ணிக்கையில் சரியாக விடையளித்த இருவர் வெவ்வேறு திறன் மதிப்பைப் பெறக்கூடும், அதன் காரணத்தை ஒரு பெற்றோருக்கு விளக்குவது எளிதன்று.

அதனால் மாதிரிக்குப் பொருந்தாத வினாவுக்கு உடனே இன்னோர் அளபுருவை (மாதிரியில் மதிப்பிடப்படும் எண்ணை) சேர்ப்பதைவிட, அவ்வினாவையே முதலில் ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவர்களை மதிப்பெண் அடிப்படையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் வினாக்களின் கடினத்தைத் தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், நேர்கோட்டிலிருந்து விலகும் வினாக்கள் கண்ணில் படும். அவற்றில் சொல் மயக்கம் உள்ளதா, இரண்டு விடைகள் பொருந்துகின்றனவா என்று வினாத்தாள் அமைத்தவரிடமே கேட்டறியலாம்.