தோட்டா செஞ்ச கையோட ராக்கெட் பாக்கப் போனோம்

எங்க நைனா காட்பாடி பக்கம் வெடிமருந்து ஃபேக்டரில 31 வருஷம் வேல பாத்தவரு. குவாரிக்கும் கெணறு வெட்டறவங்களுக்கும் போற சரக்கு, பாறைய ஒடைக்கற தோட்டா, அத வெடிக்க வெக்கற கேப்பு, இதுல வந்த சம்பளத்துல தான் நாங்க மூணு பேரு படிச்சோம். ஆனா பாருங்க, எங்க வீட்ல தீபாவளிக்கு ஒரு பொட்டு வெடி கூட வாங்கினது கெடையாது. தெருவே பொகைல மூழ்கி கெடக்கும், நாங்க மட்டும் திண்ணைல உக்காந்து மத்தவங்க வெடிக்கறத பாத்துகினு இருப்போம். கஞ்சம்னு தான் நான் ரொம்ப நாள் நெனச்சுகினு இருந்தேன்.

என் பையன் ஆறாவது படிக்கறான். 2023 ஆகஸ்ட் 23ந்தேதி சந்திரயான் 3 எறங்கினத டிவில பாத்ததுல இருந்து அவனுக்கு ஒரே ராக்கெட் பைத்தியம், ஸ்ரீஹரிகோட்டால மியூசியம் இருக்கு, ராக்கெட் தோட்டம் இருக்கு, லாஞ்ச் பாக்கற கேலரி இருக்குன்னு தெனமும் நச்சரிப்பு. சரி பொங்கல் லீவுக்கு அப்புறம் போலாம்னு முன்கூட்டியே பேர பதிவு பண்ணி வெச்சேன், நைனாவையும் சேத்து. அவரு கிட்ட கேட்டதுக்கு "லாஞ்சும் கெடையாது, பொம்ம ராக்கெட்ட பாக்க ஆந்திரா வரிக்கும் போவணுமா, இன்னாத்துக்கு?"ன்னாரு. அப்புறம் ராத்திரியே வெள்ள சட்டைய அயர்ன் பண்ணி ஆணில மாட்டி வெச்சிட்டாரு, அதான் அவரோட ஒத்துக்கறது.

விடிகாலைல காட்பாடில ரயில் ஏறி சென்னை சென்ட்ரல், அங்க இருந்து சூளூர்பேட்டை லோக்கல். ஆரம்பாக்கம் தாண்டினா ஸ்டேஷன் போர்டெல்லாம் ஜிலேபி எழுத்தா மாறிடும். எங்களுக்கு அது ஒன்னும் புதுசு இல்ல, வேலூர்காரங்க வீட்ல பாதி பேருக்கு தெலுங்கு வரும். ஆட்டோக்காரர் "ஈ ரோஜு லாஞ்ச் லேது கதா" (இன்னிக்கு லாஞ்ச் இல்லியே)ன்னாரு, நைனா "லேதப்பா, மியூசியம் மட்டும்"னு பாதி தெலுங்கு பாதி தமிழ்ல பேசி முப்பது ரூபா கொறச்சாரு, அவருக்கு அன்னிக்கு மொத சந்தோஷம் அது தான்.

சூளூர்பேட்டைல இருந்து தீவுக்கு போற ரோடு பழவேற்காடு ஏரிய ரெண்டா வகுந்துகினு போவுது. ரெண்டு பக்கமும் தண்ணி, கணுக்கால் ஆழம் தான் இருக்கும் போல, அதுல தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு, கிட்ட போனா எல்லாம் பூநாரை. பையன் ஃபோன எடுக்கறதுக்குள்ள ஆட்டோ தாண்டிடுச்சு. எனக்கு மியூசியத்த விட இந்த ரோடே போதும்னு இருந்துச்சு, இத சொன்னா பையன் அடிப்பான்.

வாசல்ல சிஐஎஸ்எஃப்காரங்க ஆதார் பாத்து, பைய தொறந்து, ஒடம்ப தடவி செக் பண்றாங்க. முன்னாடி நின்னவரு ஏதோ சலிச்சுகினாரு. நைனா மட்டும் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கறாரு, பாக்கெட்ட வெளிய இழுத்து காட்டறாரு. 31 வருஷம் தெனம் காலைல கேட்ல நின்ன பழக்கம். நைனாவோட ஃபேக்டரில தீப்பெட்டி உள்ள போவக்கூடாது, ஆணி அடிச்ச செருப்பு போவக்கூடாது. "இப்டி தான் இருக்கணும், பரவால்ல"ன்னு அந்த ஆபீசருக்கே சர்டிஃபிகேட் குடுத்துட்டு உள்ள வந்தாரு.

உள்ள ராக்கெட் மாடலுங்க நட்டு வெச்சிருக்காங்க. பையன் ஒவ்வொன்னா பேர் சொல்லிகினே ஓடறான், எஸ்எல்வி, பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி. நெஜ பிஎஸ்எல்வி 44 மீட்டர் ஒசரம், எங்க ஊர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்த விட ஒசரம்னு நான் சொல்ல, அவன் "எல்விஎம்3 ஒசரம் கம்மி தான்மா, 43 தான், ஆனா 640 டன்னு, பிஎஸ்எல்வி 320 தான்"னு என்ன திருத்தறான். சரிப்பா.

மியூசியத்துக்குள்ள போனதும் நான் வழக்கம் போல வேகமா நடந்தேன், செயற்கைக்கோள் மாடல், 1971 அக்டோபர் 9ல இங்க இருந்து மொத சின்ன ரோகிணி ராக்கெட் விட்டது, 1979ல எஸ்எல்வி கடல்ல விழுந்தது, அடுத்த வருஷம் ஜூலைல மேல போனது, இதெல்லாம் ஸ்கூல் புக்ல படிச்சது தானே. திரும்பி பாத்தா நைனாவ காணோம். திட எரிபொருள் பத்தின எடத்துல நின்னுகினு இருக்காரு, மூக்கு கண்ணாடிய நெத்தில ஏத்திகினு. கால் மணி நேரமா அதே எடம்.

வெளக்கம் சொல்ற பொண்ணு கொஞ்சம் தமிழும் பேசுச்சு. பிஎஸ்எல்வியோட மொத கட்டத்துல, அதாவது அடில மொதல்ல எரியற பகுதில, 139 டன் திட எரிபொருள்னு அது சொன்னதும் நைனா "கிலோவா?"ன்னாரு. இல்ல சார், டன். எங்க நைனா மொகத்த நீங்க பாத்துருக்கணும். ஃபேக்டரில ஒரு ரூம்ல இவ்ளோ கிலோவுக்கு மேல சரக்கு இருக்கக்கூடாது, இத்தன ஆளுக்கு மேல நிக்கக்கூடாதுன்னு போர்ட போட்டு வெச்சி அத பாத்தே வாழ்ந்த மனுஷன். ஒரே குழாயில 139 டன்னா!

அப்புறம் ஆரம்பிச்சாங்க ரெண்டு பேரும். நான் ஒட்டுக் கேட்டதுல எனக்கு புரிஞ்சத சொல்றேன். அமோனியம் பெர்குளோரேட்னு ஒரு உப்பு, ஆக்சிஜன் குடுக்கறது அதான். அதோட அலுமினியம் பவுடர். இது ரெண்டையும் ஹெச்டிபிபின்னு ஒரு ரப்பர் பாகுல போட்டு பெசைவாங்க, அதிரச மாவு பதத்துக்கு. அத காத்து இல்லாம குழாய்ல ஊத்தி, நடுவுல ஒரு அச்சு சொருவி, சூட்டுல நாள் கணக்கா வெச்சா அழி ரப்பர் மாதிரி கெட்டியாயிடும், அப்புறம் அச்ச உருவினா நடுவுல ஓட்ட. குழாயோட சில துண்டுல அந்த ஓட்ட முறுக்கு அச்சு மாதிரி நட்சத்திர வடிவத்துல இருக்கும். அது அழகுக்கு இல்ல. நெருப்பு உள் ஓட்டைல இருந்து வெளிப்பக்கமா எரிஞ்சுகினு போவும், எவ்ளோ பரப்பு எரியுதோ அவ்ளோ அழுத்தம், எந்த செகண்டுல எவ்ளோ தள்ளணும்னு அந்த ஓட்டையோட வடிவத்துலயே எழுதி வெச்சிடறாங்க. பத்த வெச்சிட்டா நிறுத்தற சுவிட்ச் கெடையாது. இத ஊத்தற ஃபேக்டரியும் இந்த தீவுலயே தான் இருக்கு.

"உள்ள ஒரு காத்து முட்ட இருந்தா?"ன்னு நைனா கேட்டாரு. அந்த பொண்ணு சிரிச்சிட்டு, அதான் சார் பயமே, முட்டையோ வெடிப்போ இருந்தா திடீர்னு எரியற பரப்பு ஏறும், அழுத்தம் ஏறி குழாயே பொளந்துடும், அதனால எக்ஸ்ரே எல்லாம் எடுத்து பாப்பாங்கன்னுச்சு. நைனா தலைய ஆட்டினாரு. டாக்டர் வேற டாக்டர் கிட்ட பேசற மாதிரி இருந்துச்சு.

பையனுக்கு பொறுக்கல. "தாத்தா, நீ செஞ்சது வெடிக்கும், இது ஏன் வெடிக்கல?"

இதுக்கு நைனா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "டேய், நான் செஞ்ச தோட்டா கீதே, அதுல கேப்பு வெச்சி தட்டினா ஒரு செகண்டுக்கு அஞ்சாறு கிலோமீட்டர் வேகத்துல உள்ள ஓடும். ஓடி முடிஞ்சப்புறம் தான் சத்தமே உனக்கு கேக்கும். இது அப்டி இல்ல. ஒரு செகண்டுக்கு சில மில்லிமீட்டர் தான் எரியும், ஊதுவத்தி மாதிரி. பாறைய ஒடைக்கணும்னா ஓடணும், பொருள தூக்கணும்னா பொறுமையா எரியணும்." அந்த பொண்ணு அத அப்டியே ஃபோன்ல நோட் பண்ணிகிச்சு, நெஜமாவே.

ஆனா அவரு சரக்கும் ராக்கெட்ல இருக்குன்னு தெரிஞ்சதும் தான் மனுஷன் நிமிந்தாரு. மொத கட்டம் எரிஞ்சு முடிஞ்சதும் அத கழட்டி விடணும்ல, அங்க போல்ட்டு நட்டு கழட்ட ஆள் கெடையாது, சுத்தி வளையமா ஒரு வெடி வெச்சி உலோகத்த கத்தி மாதிரி அறுத்துடறாங்க. வழி தப்பி ஊர் பக்கம் திரும்பிச்சுன்னா தரைல இருந்தே கட்டள குடுத்து ஒடைக்கவும் ஏற்பாடு இருக்கு. "பாத்தியா, கடைசில நம்மாளு இல்லாம கதை ஓடாது"ன்னாரு. பெருமைய பாருங்க.

வெளிய மரத்தடில உக்காந்து அம்மா கட்டி குடுத்த புளிசோறு சாப்ட்டோம். வெயில் எங்க ஊர் அளவுக்கு இல்ல, ஆனா உப்புக் காத்து, சட்ட ஒட்டிக்குது. நைனா கைய கழுவிகினே திடீர்னு "2004ல இங்க ஆறு பேர் போய்ட்டாங்க, தெரியுமா"ன்னாரு. எனக்கு தெரியாது. அந்த வருஷம் பிப்ரவரில இங்க திட எரிபொருள கையாள்றப்போ தீ புடிச்சு ஆறு பேர் இறந்துட்டாங்க, அன்னிக்கு சாயங்காலம் நைனா ஷிஃப்ட்ல யாரும் பேசிக்கலையாம், செத்தவங்கள யாருக்கும் தெரியாது, இருந்தாலும். "அவங்களும் நம்மள மாதிரி தான காலைல டிபன் பாக்ஸ எடுத்துகினு போயிருப்பாங்கோ." அவ்ளோ தான் சொன்னாரு. தீபாவளி வெடி பத்தி நான் கேக்கல, ஆனா கேக்க வேணாம்னு புரிஞ்சிடுச்சு.

பையன் மட்டும் வேற கணக்குல இருந்தான். ஏன் இவ்ளோ தூரம் வந்து தீவுல வெச்சாங்க, வேலூர் கோட்டைலயே வெச்சிருக்கலாமேன்னு. கெழக்கால கடல், கெட்டுப் போய் விழுந்தாலும் தண்ணில விழும், பூமி சுத்தற வேகமும் கெழக்கு பக்கம் விட்டா ஓசில கெடைக்கும், இந்த எடத்துல அது செகண்டுக்கு 450 மீட்டர் கிட்ட வரும்னு சொன்னேன். (இங்க முன்னாடி இருந்த யானாதி பழங்குடி மக்கள வேற எடத்துக்கு மாத்தினது தனி கதை, அத யாரும் இவ்ளோ சுலபமா சொல்றதில்ல.) கோட்டைன்னதும் எனக்கு இன்னொன்னு ஞாபகம் வந்துச்சு, திப்பு குடும்பத்த 1799க்கு அப்புறம் அடைச்சு வெச்சது அங்க தானே, அந்த திப்பு படை தான் பேப்பர் குழாய்க்கு பதிலா இரும்பு குழாய்ல மருந்த அடைச்சு ராக்கெட் விட்டாங்க, 1780ல காஞ்சிபுரத்துக்கிட்ட பொள்ளிலூர்ல இங்கிலீஷ்காரன் படைய ஒடச்சப்போ அதுவும் இருந்துச்சு. இரும்பு குழாய்னா அழுத்தம் தாங்கும், அதனால தூரம் போவும். "அதே கதை தான், குழாய் தாங்கணும்"னாரு நைனா, கிளாஸ் இன்னும் முடியல.

திரும்பி வர்றப்போ பாதி வழில பையன் தூங்கிட்டான். அரக்கோணம் தாண்டினதும் நான் கேட்டேன், சில வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி மொட்ட மாடில நின்னுகினு இருந்தியே நைனா, வடகெழக்குல ஆரஞ்சு கலர்ல ஒரு பொட்டு மேல ஏறிச்சே, அப்போ இன்னா நெனச்ச? நேர்கோட்டுல பாத்தா 150 கிலோமீட்டர் தூரம், சத்தம் எல்லாம் வராது, ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் வளைஞ்சு போய் மறைஞ்சுது. "வெடிச்சிடப் போவுதுன்னு நெனச்சேன்"னாரு. "அணையற வரிக்கும் மூச்ச புடிச்சுகினு நின்னேன்."

வீட்டுக்கு வர மணி பதினொன்னு. செருப்ப கூட கழட்டல, கூட வேல பாத்த சிநேகிதருக்கு ஃபோன் போட்டாரு, அவரு தூங்கிட்டிருந்தாரு போல. "டேய், 139 டன்னுடா. இல்லடா, கிலோ இல்ல, டன்னு. ஒரே குழாய்ல. ஆமா, மாவு மாதிரி பெசைஞ்சு. இல்ல, இல்ல, வெடிக்காது, எரியும், அதான் சொல்றேன். கேட்ல செக்கிங் நம்ம கேட்டுக்கு மேல. அடுத்த தபா நெஜ ராக்கெட் விடறப்போ நீயும் வா, ஆதார் எடுத்துகினு வா, பீடி கட்ட வீட்ல வெச்சிட்டு வா."